டிரம்ஸ்காரர் ஏன் குச்சியைக் கீழே வைத்தார்

திண்டுக்கல்லில் ராக் இசைக் காணொளிகளைப் பற்றி ஆழமாக எழுதியவர் யார் என்று கல்லூரிப் பக்கம் கேட்டால் முனைவர் ஞானராஜ் என்றுதான் சொல்வார்கள். எழுதியவள் நாகஜோதி. அவளுக்கு ராக் இசை என்றால் என்னவென்று அப்போது தெரியாது. ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லை. ஆராய்ச்சி தேறுவதற்கு அது ஒரு தடையாக இருக்கவில்லை.

எரியோட்டுக்குப் பக்கத்தில் முருங்கையும் தக்காளியும் போடுகிற குடும்பத்தில் அவள் நாலாவது பிள்ளை. வரலாறு பி.ஏ. படித்தாள். தட்டச்சில் தமிழும் இங்கிலீஷும் முதுநிலை முடித்தாள். வெங்காயப்பேட்டையில் எடை போடுகிற பொன்னுத்துரைக்கு வாழ்க்கைப்பட்டு திண்டுக்கல்லுக்கு வந்தாள். மகள் தமிழ்நிலா பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருஷம், கல்லூரிக்குப் போகும் சாலையில் ஒரு பத்துக்குப் பத்து அறையை வாடகைக்குப் பிடித்து ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷின் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'ஜோதி டி.டி.பி.' என்று போர்டு வைத்தாள். வலது பக்கம் வளையல் கடை. இடது பக்கம் பொன்னழகு என்பவரின் சவுண்ட் சர்வீஸ். கோயில் கொடைக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்குப் போகிற ஒலிபெருக்கிகளை அவர் தினமும் காலையிலிருந்து மாலைவரை ஓட்டிப் பார்ப்பார். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது என்பதால் நாகஜோதி தன் கணினிக்கு ஸ்பீக்கரே வாங்கவில்லை.

ஆய்வு மாணவர்கள் கையெழுத்துப் பிரதியோடு வருவார்கள். முதல் வருஷம் அவள் எழுத்துப் பிழையைத் திருத்தினாள். இரண்டாம் வருஷம் வாக்கியத்தைத் திருத்தினாள். மூன்றாம் வருஷம், "அக்கா, முடிவுரை மட்டும் செத்த பாத்துப் போட்டுருங்களேன்" என்று ஒருத்தி விட்டுப்போனாள். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நாளிதழ்களில் வெங்காய விலைச் செய்திகள், சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பங்களில் சீரியல் பார்க்கும் பழக்கம், பேருந்து முதுகு விளம்பரங்களில் பெண் என்று அவள் கை வழியாகப் போன தலைப்புகள் பல. கதையாடல், நிகழ்த்துதல், குறியீடு, கட்டுடைத்தல் எல்லாம் அவளுக்கு உப்பு, புளி, மிளகாய் மாதிரி ஆகிவிட்டன. எதை எவ்வளவு போட்டால் வழிகாட்டிக்குப் பிடிக்கும் என்பது தெரியும்.

ஞானராஜ் வந்தது 2013இல். செம்பட்டிப் பக்கத்துப் பையன், தென்னந்தோப்புக்காரர் மகன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். 'ராக் இசைக் காணொளிகளில் கதையாடல், நிகழ்த்துதல், காட்சிக் குறியீடு' என்பது அவருடைய எம்.ஃபில் தலைப்பு. தலைப்பு வழிகாட்டி கொடுத்தது. அவரிடம் இருந்தவை ஒரு பென்டிரைவில் ஆறு காணொளிகளும், நூல்களிலிருந்து எடுத்தெழுதிய இரண்டு இயல்களும். மூன்றாவது இயலில்தான் காணொளிகளைப் பார்த்துத் தானாக எதையாவது சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து அவருக்கு மஞ்சள்காமாலை வந்து ஊரோடு படுத்துவிட்டார். சமர்ப்பிக்க இருபது நாள் இருந்தது.

போனில் பேசினார். குரலே எழும்பவில்லை.

"அக்கா, நீங்களே பாத்து ஏதாச்சும் எழுதிப் போடுங்கக்கா. ஒரு முப்பது பக்கம் வந்தாப் போதும்."

"எனக்கு அதுல என்ன தம்பி தெரியும்?"

"எனக்கும் தெரியாதுக்கா."

அவர் பொய் சொல்லவில்லை என்பதால் நாகஜோதி ஒத்துக்கொண்டாள்.

ஒரு முழுத்தாளில் மூன்று கட்டம் போட்டாள். கதை, ஆட்டம், சாமான். (டைப் அடிக்கும்போது கடைசி இரண்டும் 'நிகழ்த்துதல்', 'குறியீடு' என்று மாறின.) பிறகு காணொளிகளை ஓடவிட்டாள். பக்கத்தில் பொன்னழகு மாரியம்மன் தாலாட்டு போட்டிருந்தார். திரையில் தலைமுடியை விரித்துப்போட்ட வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தார்கள். சத்தம் மாரியம்மனுடையது. முதல் நாள் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. மூன்றாம் நாளிலிருந்து சிரிப்பு நின்று, கண் வேலைசெய்ய ஆரம்பித்தது.

பாடுகிறவர்கள் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். கதையில் வருகிறவர்கள் ஒருபோதும் பார்ப்பதில்லை. ஆகவே கதைக்குள் இருப்பவர்களுக்குத் தங்கள் பின்னால் ஒரு பாட்டு ஓடுவது தெரியாது என்று எழுதினாள். குழு வாசிக்கிற இடமெல்லாம் ஆளில்லாத இடம்: பாலைவனம், மொட்டைமாடி, எரிந்துபோன வீடு. எங்கேயும் ஒயர் தெரியவில்லை. இது எப்படி என்று பொன்னழகைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கரண்டு இல்லாம இது முனகக்கூட முனகாதுக்கா. சும்மா பாவலா பண்றாங்க" என்றார். 'மின்சாரத்திலிருந்து துண்டிக்கப்பட்ட நிகழ்த்துதல்' என்று அவள் அதற்கு ஒரு உட்தலைப்பு வைத்தாள். ஒரு காணொளியில் பாடகன் கிடாரைத் தரையில் அடித்து உடைக்கிறான். அதற்கு முந்தைய காட்சியில் அந்தக் கிடாரின் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. உடைபடுகிற கிடாரில் கீறல் இல்லை. 'கோபம் அசல், உடைபடுவது நகல்' என்று எழுதினாள்.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த பொன்னுத்துரை திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இவனுகளுக்கு யாரு மேல இம்புட்டுக் கோவம்?" என்று கேட்டார். அவள் அதையும் குறித்துக்கொண்டாள். ஆய்வேட்டின் எழுபத்தோராம் பக்கத்தில் 'கோபத்தின் இலக்கு' என்று ஒரு பகுதி இருக்கிறது. அது எடை போடுகிறவருடைய கேள்வி.

ஆறாவது காணொளிதான் அவளை உட்காரவிடவில்லை. தண்ணீர் வடித்துவிட்ட ஒரு நீச்சல் குளம். அதன் அடியில் நாலு பேர் வாசிக்கிறார்கள். இடையிடையே ஒரு பெண், மஞ்சள் கோட்டு போட்டவள், ஒரு மரநாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்து வருகிறாள். கடைசியில் குளத்தங்கரையில் நாற்காலியைப் போட்டு, குழுவுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறாள். அப்போது குளத்துக்குள் தண்ணீர் ஏறுகிறது. முழங்கால்வரை ஏறியும் வாசிப்பவர்கள் நிறுத்தவில்லை.

ஆனால் நடுவில் ஒன்று நடக்கிறது. டிரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டுக் குனிந்து தரையைப் பார்க்கிறார். நாற்பது நொடி கையை அசைக்காமல் இருக்கிறார். மற்ற மூவரும் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீர் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால்.

நாகஜோதி அந்த நாற்பது நொடியை எத்தனை தடவை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. தண்ணீர் வரப்போவதை முதலில் அறிந்தவர் அவர்தான் என்று அவளுக்குப் பட்டது. அறிந்தவன் கை ஓய்ந்துவிடுகிறது, அறியாதவர்கள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், பிறகு அறிந்தவனும் வேறு வழியில்லாமல் குச்சியை எடுத்துக்கொள்கிறான். 'மடியில் வைத்த குச்சி' என்று பதினோரு பக்கம் எழுதினாள். எழுதி முடித்த அன்று சமையலில் உப்புப் போட மறந்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு மதுரையிலிருந்து வந்த புறத்தேர்வாளர் அந்தப் பதினோரு பக்கத்தை மட்டும் பத்து நிமிஷம் பாராட்டினாராம். காமாலை தெளிந்து மெலிந்துபோயிருந்த ஞானராஜ் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலை அவர் கடைக்கு வந்து அரைக் கிலோ பால்கோவா கொடுத்தார். ஆய்வேட்டின் நன்றியுரையில் வழிகாட்டி, பெற்றோர், பங்குத்தந்தை, நண்பர்கள் ஆகியோருக்குப் பிறகு, 'அழகுறத் தட்டச்சு செய்து உதவிய ஜோதி டி.டி.பி.' என்று ஒரு வரி இருந்தது. அதை டைப் அடித்ததும் அவள்தான்.

அந்தப் பதினோரு பக்கம் அதற்குப் பிறகு நன்றாக வாழ்ந்தது. கருத்தரங்கக் கட்டுரையாயிற்று, ஒரு தொகுப்பு நூலில் இயலாயிற்று, ஞானராஜின் முனைவர் பட்டத்துக்கு விதையாயிற்று. அதே கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்தது. பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்ததும் நீச்சல் குளக் காணொளியை மாணவர்களுக்கான பாடமாக வைத்தார். வகுப்பில் முதலில் டிரம்ஸ்காரரின் மௌனத்தை விளக்கிவிட்டு, பிறகு காணொளியை ஓடவிடுவார். விளக்கத்தைக் கேட்டவர்கள் விளக்கத்தையே பார்த்தார்கள். குறிப்புகளை ஜெராக்ஸ் எடுக்க நாகஜோதியின் கடைக்குத்தான் வந்தார்கள். தன் வாக்கியங்கள் மெஷினிலிருந்து சூடாக வெளியே வருவதை அவள் ஒவ்வொரு பருவத்திலும் பார்த்தாள். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததிலும் ஒரு சுகம் இருந்தது.

கல்லூரி பழைய ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்ற முடிவுசெய்தபோது, அவை பழைய எழுத்துருவில் இருப்பதால் எந்த மென்பொருளாலும் படிக்க முடியவில்லை. யூனிகோடுக்கு மாற்றித் தர ஆள் தேடினார்கள். நாகஜோதிக்கு அந்த வேலை வந்தது. இருநூற்றுச் சொச்சம் ஆய்வேடுகளை மாற்றினாள். ஞானராஜுடையதை மட்டும் மாற்றிய பிறகு இன்னொரு தடவை பிழை பார்த்தாள்.

தமிழ்நிலா பிளஸ் டூ முடித்து, தாய் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், அதே கல்லூரியில் காட்சித் தொடர்பியலில் சேர்ந்தாள். இரண்டாம் ஆண்டில் அந்தக் காணொளி ஒப்படைப்பாக வந்தது. கதையாடலையும் நிகழ்த்துதலையும் அவளே எழுதினாள். குறியீட்டில் சிக்கிக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை, மகள் காய்ச்சலென்று படுத்திருக்க, நாகஜோதி கடையில் உட்கார்ந்து அந்தப் பகுதியைத் தானே அடித்துக் கொடுத்தாள். பழைய கோப்பைத் திறக்கவில்லை. சொந்தமாகத்தான் எழுதினாள். ஆனால் அவளுக்கு அந்தப் படம் ஒரே விதமாகத்தான் அர்த்தமாகியிருந்தது. வார்த்தைகள் பழைய தடத்திலேயே வந்து விழுந்தன.

எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அந்தப் பகுதியில் ஐம்பத்தெட்டு சதவீதம் ஒற்றுமை என்றது. மூலம்: ஞானராஜ், 2013.

பெற்றோரை அழைத்துவரச் சொன்னார்கள். துறைத் தலைவரின் அறை. தலைவரம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஞானராஜ் பக்கத்து நாற்காலியில். நாகஜோதி உள்ளே நுழைந்ததும் ஞானராஜ் எழுந்து நின்றுவிட்டார். பிறகு, எதற்கு எழுந்தோம் என்பது போல் மின்விசிறியின் சுவிட்சைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். முன்பு அக்கா என்று கூப்பிட்டவர், இப்போது யாரையும் எப்படியும் கூப்பிடவில்லை.

தலைவரம்மாள் விளக்கினார். ஒருவருடைய சிந்தனையை எடுத்துத் தன்னுடையது போல் வைப்பது எவ்வளவு பெரிய குற்றம், இந்த வயதிலேயே பிள்ளைகளுக்கு இது புரிய வேண்டும், வீட்டில் நீங்கள்தான் சொல்லி வளர்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். ஞானராஜ் மேசைமேல் இருந்த குண்டூசி டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். தமிழ்நிலா அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாகஜோதி ஞானராஜைப் பார்த்தாள்.

"அந்த ஆராய்ச்சிய எழுதுனவங்க நல்லா எழுதிருக்காங்க சார்."

ஞானராஜ் குண்டூசி டப்பாவை மூடினார். "நன்றிங்க" என்றார்.

ஒரு வாரத்துக்குள் சொந்தமாக எழுதிக் கொடுத்தால் நடவடிக்கை இல்லை என்று அவர்தான் அவசரமாக முந்திக்கொண்டு சொன்னார். தலைவரம்மாள் அவருடைய பெருந்தன்மையைச் சுட்டிக்காட்டினார்.

வெளியே வேப்பமரத்தடிவரை தமிழ்நிலா முன்னால் நடந்தாள். பிறகு, "அவரு ஏம்மா ஒன்னயப் பாத்து எந்திரிச்சாரு?" என்று கேட்டாள். நாகஜோதி அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர்மேல் கோபப்படுவாள் என்று நினைத்தாள். மகளுடைய கோபம் தன்மேல்தான் திரும்பும் என்று நினைக்கவில்லை.

"நீ எழுதுனத நீயே திருடி, அதுக்கு நான் திருடிங்கிற பட்டம் வாங்கிருக்கேன். அவரு பாட்டுக்கு உக்காந்திருக்காரு."

"வெளிய சொன்னா அவரு வேலை போயிரும்த்தா. என் கையும் சுத்தமில்லைல."

"நான் சொல்லப் போறதில்ல. ஆனா இனிமே என் நோட்டுல நீ கை வைக்காத."

அந்த வாரம் வீட்டில் பேச்சு குறைவாகவே இருந்தது. தமிழ்நிலா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போனில் அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வியாழக்கிழமை காலை, நாகஜோதி கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது, மகள் திடீரென்று சிரித்தாள். நாலைந்து நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு என்பதால் நாகஜோதி ஆசையோடு திரும்பிப் பார்த்தாள். தமிழ்நிலா ஒரு இயர்போனைக் கழற்றித் தாயின் காதில் வைத்தாள்.

அப்படித்தான் நாகஜோதி அந்தப் பாட்டை முதல்முதலாகக் கேட்டாள். காதுக்குள் யாரோ தகரக் கொட்டகையை இடிப்பது போல் இருந்தது. பிறகு சட்டென்று இடி நின்றது. ஒரு கிடார் மட்டும் மெதுவாகப் போனது. மேலே ஒரு குரல், ஏறக்குறைய கெஞ்சுவது போல. திரையில் டிரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். நாற்பது நொடி. பிறகு இடி மறுபடி தொடங்கியது. அவரும் குச்சியை எடுத்தார்.

"அந்த இடத்துல டிரம்ஸே இல்லம்மா. வாசிக்க ஒண்ணும் இல்லாம சும்மா உக்காந்திருக்காரு."

நாகஜோதி காயை ஆய்ந்துகொண்டே, "அப்பயும் குனிஞ்சு தண்ணி வருதான்னு பாக்குறாருல்ல?" என்றாள்.

"கீழ பெரிய டிரம்ம மிதிச்சு அடிக்கிற பெடல் இருக்கு. காலு அது மேல இருக்கான்னு பாக்குறாரு."

நாகஜோதி மிச்சக் கொத்தவரங்காயையும் ஆய்ந்து முடித்தாள். வாழ்க்கையில் அவள் மனசார நினைத்து எழுதியது அந்தப் பதினோரு பக்கம்தான். அதை இன்னொருவர் பெயரில் விட்டது வலிக்கவில்லை; அது தப்பு என்பது வலித்தது. அதில் வேடிக்கை என்னவென்றால், தப்புக்கும் அவள் பெயர் இல்லை. மதுரைத் தேர்வாளரும், தொகுப்பு நூலும், இத்தனை பருவத்து மாணவர்களும் தலையாட்டிய பிழைக்கு முழுப் பொறுப்பும் முனைவர் ஞானராஜுடையது. இதை நினைத்ததும் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருப்பது பற்றி வெட்கமாகவும் இருந்தது.

தமிழ்நிலா எழுதிக் கொடுத்த கட்டுரை நாலு சதவீதம் காட்டியது. அதில் ஒரு வரி இப்படி இருந்தது: 'முந்தைய ஆய்வாளர் இக்காணொளியை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கலாம் என்று தோன்றுகிறது.' ஞானராஜ் அந்த வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டு, பிறகு அந்தக் கோட்டின் மேலேயே சரி என்று குறி போட்டிருந்தார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து தாயிடம் காட்டவில்லை. ஆனால் தாய் பார்க்கும்படி பிரிட்ஜின் மேல் வைத்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு முற்பகல் ஞானராஜ் கடைக்கு வந்தார். வேலை கிடைத்த பிறகு அவர் படியேறுவது அதுவே முதல் தடவை. கோவையில் ஒரு கருத்தரங்கு. 'என் ஆய்வை நான் மறுக்கிறேன்' என்று ஒரு கட்டுரை வாசிக்கப்போவதாகத் தலைவரம்மாளிடம் வாய்விட்டுவிட்டார். தன் முடிவைத் தானே திருத்திக்கொள்ளும் நேர்மை இந்தக் காலத்தில் யாருக்கு வரும் என்று தலைவரம்மாள் துறை முழுக்கச் சொல்லிவிட்டார். இனிப் பின்வாங்க முடியாது.

"அக்கா" என்றார், பல வருஷத்துக்குப் பிறகு. கையில் தமிழ்நிலாவின் கட்டுரையின் ஜெராக்ஸ் இருந்தது. "பாப்பா எழுதுனத வச்சு, நீங்க கொஞ்சம்..."

"டைப் அடிச்சுத் தாரேன் சார். நீங்க சொல்லுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வளையல் கடைப் பக்கமிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாகஜோதி புதுப் பக்கம் திறந்து, விரல்களை விசைப்பலகைமேல் வைத்துக் காத்திருந்தாள். இதற்குள் கடைக்கு ஸ்பீக்கர் வந்திருந்தது. காணொளியை ஓடவிடட்டுமா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார்.

மூன்று தடவை ஓடியது. ஞானராஜ் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார். நாலாவது தடவை, மஞ்சள் கோட்டுப் பெண் குழுவுக்கு முதுகைக் காட்டி உட்காரும் இடத்தில், நிறுத்தச் சொன்னார். நெற்றியைத் தேய்த்தார்.

"அவளுக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கலையோக்கா?"

"என்னய ஏன் சார் கேக்குறீங்க?"

"இல்ல... நானும் பொதுவா இந்தப் பாட்டக் கேக்க மாட்டேன். கேட்டாத் தலவலி வரும். நாற்காலி தூக்கிட்டு அம்புட்டுத் தூரம் வந்து, கேக்கப் பிடிக்காம, போகவும் மனசில்லாமத்தான் உக்காந்திருக்கா போல."

சொல்லிவிட்டுத் தானே பயந்துபோய் அவளைப் பார்த்தார். "இத எழுதலாமா?"

நாகஜோதி அவர் சொன்னதை அப்படியே அடித்துவிட்டிருந்தாள். அந்த இடத்தில் இதை அவள் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. அடுத்த வாக்கியத்தைச் சொல்லும்படி கேட்டாள்.

மாலைவரை ஒன்றேகால் பக்கம் வந்தது. மறுநாளும் வந்தார். மொத்தம் மூன்று பக்கம். கோவையில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பாராட்டு ஒன்றும் இல்லை. பழைய கட்டுரையின் ஆழம் இதில் இல்லை என்று யாரோ எழுந்து சொன்னார்களாம். அச்சில் வந்தபோது அடிக்குறிப்பில் மாணவி தமிழ்நிலாவின் பெயர் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் 'முதுகு' என்பது 'முதுக்கு' என்று இருக்கிறது. டைப் அடிக்கச் சொன்னபோது ஞானராஜ் அப்படித்தான் உச்சரித்தார். நாகஜோதி கவனித்தாள், திருத்தவில்லை.